பள்ளி டென்னிஸுக்கு ஒரு ஸ்கோர் பக்கம்: பாயின்ட்டைச் சேமியுங்கள், ஸ்கோரை அல்ல

இரண்டு பள்ளிகள் நட்பாக ஆடிக்கொள்ளும் டென்னிஸுக்கு வலைப்பக்கம் செய்ய உட்காரும் யாருமே முதலில் போடுவது ஸ்கோருக்கு ஒரு டேபிள்தான். செட், கேம், பாயின்ட் என்று ஆளுக்கு மூன்று எண்கள், பக்கத்தில் ஒரு கூட்டல் பட்டன், ஒரு கழித்தல் பட்டன். முதல் நாளே இது மாட்டிக்கொள்ளும். 5-4, 40-30 இருக்கும்போது ஸ்கோர் போடும் பிள்ளை கை தவறி அழுத்திவிட்டால் கேமும் முடியும், செட்டும் முடியும், எண்கள் எல்லாம் பூஜ்யத்துக்குப் போய்விடும். கழித்தல் பட்டனை அழுத்தினால் பூஜ்யத்திலிருந்து எங்கே கழிப்பது?

ஸ்கோரைச் சேமிக்காமல் விட்டால் இந்தத் தொல்லை எழாது. எந்தப் பாயின்ட்டை யார் எடுத்தார் என்ற வரிசையை மட்டும் சேமியுங்கள். ஸ்கோர், சர்வ் யாருடையது, எப்போது பக்கம் மாற வேண்டும், யார் வென்றார், பள்ளிகளின் மொத்தக் கணக்கு என்ன என்று மற்றதெல்லாம் அந்த வரிசையிலிருந்து ஒவ்வொரு தடவையும் புதிதாகக் கணக்கிடப்பட வேண்டும். மூன்று செட் மேட்ச் என்றாலும் இருநூறு, முந்நூறு பாயின்ட்தான் வரும். அதை முதலிலிருந்து ஓட்டிப் பார்க்கப் பழைய போனுக்குக்கூட ஒரு கணம் போதும். வேகத்துக்காக நடுவில் எதையும் சேமித்து வைக்க வேண்டிய அவசியமே இல்லை.

கிழக்குப் பள்ளி ஆட்டக்காரர் எடுத்தால் க, மேற்குப் பள்ளி எடுத்தால் ம என்று வையுங்கள். ஒரு கேம் இப்படி இருக்கிறது:

ககமமகமகக

முதல் க வந்ததும் 15-0. அடுத்து 30-0, 30-15, 30-30, 40-30, பிறகு டியூஸ், கிழக்குக்கு அட்வான்டேஜ், கேம். சேமித்தது எட்டு எழுத்து, அவ்வளவுதான். 15, 30, 40 எல்லாம் திரையில் காட்டுவதற்கான உடை. உள்ளே 0, 1, 2, 3, 4 என்றே எண்ணுங்கள். யாராவது நான்கு அல்லது அதற்கு மேல் எடுத்து, இரண்டு வித்தியாசமும் இருந்தால் கேம் முடிந்தது. இருவரும் மூன்று அல்லது அதற்கு மேல் இருந்து சமமாக இருந்தால் டியூஸ், ஒன்று வித்தியாசம் என்றால் அட்வான்டேஜ். மற்ற நேரங்களில் 0, 15, 30, 40 என்ற நான்கு எண் பட்டியலிலிருந்து எடுத்துக் காட்டினால் போதும். டியூஸ் எத்தனை தடவை வந்தது என்று தனியாக எண்ண ஆரம்பித்தால் எங்கோ தவறாகப் போகிறீர்கள் என்று அர்த்தம்.

வரிசையில் இன்னும் இரண்டு குறிகள் வேண்டும். ஒன்று ர, அதாவது ரத்து. கடைசிப் பாயின்ட்டை அழித்துவிடுவதுதானே சுலபம் என்று தோன்றும். ஆனால் அந்தப் பாயின்ட் ஏற்கெனவே சர்வருக்கு, அதாவது தளத்தை நடத்தும் கணினிக்குப் போயிருக்கும். போனில் அழித்தால் அங்கே அழியாது, இரண்டும் வேறு வேறு ஸ்கோர் காட்டும். அதனால் ரத்து என்பதும் ஒரு பதிவாகவே போகட்டும். கணக்கிடும்போது ர வந்தால் அதற்கு முன் உயிரோடு இருக்கும் கடைசிப் பாயின்ட்டைத் தள்ளிவிட்டுப் போங்கள். இன்னொன்று முடிவுக்குறி: காயத்தால் விலகல், எதிராளி வராத வாக்ஓவர், மழையால் கைவிட்டது ஆகியவை. 4-2 இருக்கும்போது ஒருவர் விலகினால் யார் வென்றார் என்பதைப் பாயின்ட்டை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது, சொல்லித்தான் ஆக வேண்டும்.

இந்த வரிசை இன்னொரு இடத்திலும் உதவும். நட்பு ஆட்டத்தில் நடுவர் இருக்க மாட்டார். அவரவர் பக்கத்துக் கோட்டை அவரவரே சொல்வார்கள், பாயின்ட் தொடங்கும் முன் சர்வ் போடுபவர் ஸ்கோரைச் சொல்வார். “30-15தானே?” “இல்லை, 30-30” என்று வந்துவிட்டால், இருவரும் ஒத்துக்கொள்ளும் கடைசி ஸ்கோருக்குத் திரும்பிப் போவதுதான் வழக்கம். கடைசிப் பத்துப் பாயின்ட்டைத் திரையில் காட்டினால் இந்தப் பஞ்சாயத்து அரை நிமிஷத்தில் முடிந்துவிடும்.

விதியை மேட்ச்சோடு கட்டிவையுங்கள்

பள்ளிக்குப் பள்ளி, சந்திப்புக்குச் சந்திப்பு விதி மாறும். ஆகவே 6 என்ற எண்ணை நிரலில் எங்கும் நேராக எழுதாதீர்கள். இவற்றை அமைப்புகளாக வெளியே எடுங்கள்:

செட்டுக்கு எத்தனை கேம் (வழக்கமான செட்டுக்கு 6, ஷார்ட் செட்டுக்கு 4);
டைபிரேக், அதாவது செட்டை முடிக்கும் தீர்வுக் கேம், எந்தச் சமநிலையில் (6-6 அல்லது 4-4);
டைபிரேக் எத்தனை பாயின்ட்டுக்கு (7);
மூன்றாவது செட் முழுதாகவா, அதற்குப் பதில் 10 பாயின்ட் மேட்ச் டைபிரேக்கா;
அட்வான்டேஜ் உண்டா, இல்லையா.

அட்வான்டேஜ் இல்லாத ஆட்டத்தில் டியூஸுக்குப் பின் ஒரே பாயின்ட்டில் கேம் முடியும். சர்வை எந்தப் பக்கத்தில் வாங்குவது என்பதை வாங்குபவர் தேர்ந்தெடுப்பார். நிரலில் மாறுவது ஒன்றே ஒன்றுதான், இரண்டு வித்தியாசம் என்பது ஒன்று ஆகிவிடும். சின்னப் பிள்ளைகள் ஆடினால் எந்தப் பந்து என்பதையும் பதிவில் சேருங்கள். சிவப்பு, ஆரஞ்சு, பச்சைப் பந்துகள் வழக்கமான மஞ்சள் பந்தைவிட மெதுவாகப் போகும். 2012 முதல் சர்வதேச விதிப்படி 10 வயதுக்குட்பட்டோர் போட்டிகளில் மஞ்சள் பந்துக்கு இடமில்லை. சிவப்புப் பந்தில் ஆடிய மேட்ச்சையும் மஞ்சளில் ஆடியதையும் ஒரே பட்டியலில் கலந்தால் நியாயமாக இருக்காது.

இந்த அமைப்புகளைத் தளத்துக்குப் பொதுவாக வைக்காமல் ஒவ்வொரு மேட்ச்சின் பதிவுக்குள்ளும் நகல் எடுத்து வையுங்கள். ஸ்கோரை ஒவ்வொரு முறையும் புதிதாகக் கணக்கிடுகிறோம் அல்லவா? அடுத்த பருவத்தில் ஷார்ட் செட்டுக்கு மாறினால், போன வருஷம் 6-4 என முடிந்த செட்டெல்லாம் ராத்திரியோடு ராத்திரியாக வேறு ஏதோ ஆகிவிடும். பாயின்ட் வரிசை முறையின் ஒரே பெரிய ஆபத்து இதுதான்.

சர்வும் பக்கமும்

முதலில் ஒரு பெயர்ச் சிக்கல். இந்த நிரலில் சர்வர் இரண்டு பேர். ஒருவர் பந்தைப் போடுகிறார், இன்னொன்று கோப்புகளை அனுப்புகிறது. மாறிகளுக்குப் பெயர் வைக்கும்போதே பிரித்துவிடுங்கள். கீழே சர்வர் என்றால் கணினி, ஆளைச் சர்வ் போடுபவர் என்றே சொல்கிறோம்.

சர்வ் யாருடையது என்பதை மேட்ச் முழுவதற்கும் எண்ண வேண்டும். முடிந்த கேம்களின் மொத்த எண்ணிக்கை இரட்டைப்படை என்றால் முதலில் தொடங்கியவர், ஒற்றைப்படை என்றால் மற்றவர். டைபிரேக்கை ஒரே கேமாகக் கொள்ளுங்கள். அப்படிச் செய்தால் டைபிரேக்கின் முதல் பாயின்ட்டைப் போட்டவர் அடுத்த செட்டின் முதல் கேமில் வாங்குவார் என்ற விதி தானாகவே வந்துவிடும்.

டைபிரேக்குக்குள் முதலாமவர் ஒரு பாயின்ட் போடுவார், பிறகு இரண்டிரண்டாக மாறும். இதற்கு நீளமான இஃப் சங்கிலி எழுதத் தேவையில்லை. அதுவரை ஆடிய பாயின்ட்டோடு ஒன்றைக் கூட்டி, இரண்டால் வகுத்து, பின்னத்தை விட்டுவிடுங்கள். கிடைப்பது இரட்டைப்படை என்றால் முதலாமவர், ஒற்றைப்படை என்றால் மற்றவர். சோதித்துப் பாருங்கள்: 0 ஆடியபோது 0, முதலாமவர். 1 ஆடியபோது 1, 2 ஆடியபோதும் 1, மற்றவர். 3, 4 ஆடியபோது 2, மறுபடி முதலாமவர்.

பக்கம் மாறுவதை அந்தந்தச் செட்டுக்குள் எண்ண வேண்டும். செட்டில் ஒற்றைப்படைக் கேம் முடிந்ததும் மாற வேண்டும், டைபிரேக்கில் ஆறு பாயின்ட்டுக்கு ஒரு முறை. பலர் இங்கேயும் மேட்ச் முழுவதற்கும் எண்ணிவிடுவார்கள், தவறு உடனே தெரியாது. முதல் செட் 6-4 என்றால் பத்துக் கேம். அடுத்த செட்டின் முதல் கேம் பதினொன்றாவது, ஒற்றைப்படை, எப்படி எண்ணினாலும் விடை ஒன்றுதான். முதல் செட் 6-3 என்றால்தான் குட்டு உடையும். ஒன்பதாவது கேம் முடிந்ததும் மாற வேண்டும், அடுத்த செட்டின் முதல் கேம் முடிந்ததும் மறுபடி மாற வேண்டும். மொத்தமாக எண்ணும் நிரல் அதைப் பத்தாவது என்று பார்த்துப் பேசாமல் இருந்துவிடும்.

எண்ணுக்கு உச்சவரம்பு வைக்காதீர்கள்

2010 விம்பிள்டனில் ஜான் இஸ்னர், நிக்கோலா மாஹு ஆடிய முதல் சுற்று மேட்ச் மூன்று நாள் நீண்டு, 11 மணி 5 நிமிஷம் ஓடி, கடைசி செட் 70-68 என்று முடிந்தது. மைதானத்தின் மின்னணு ஸ்கோர் பலகை 47-47ல் நின்றுவிட்டது. அதற்கு மேல் எண்ண அதற்குச் சொல்லித்தரப்படவில்லை. இன்று நான்கு கிராண்ட் ஸ்லாமிலும் கடைசி செட்டில் 6-6 ஆனால் 10 பாயின்ட் டைபிரேக் வந்துவிடும், பள்ளி ஆட்டத்திலும் எழுபது கேம் போகாது. ஆனால் டைபிரேக் 12-10 போகும், டியூஸ் பதினைந்து தடவை வரும். “இதற்கு மேல் வராது” என்று நிரலில் எங்கும் எழுதாமல் இருப்பதற்குச் செலவு எதுவும் இல்லை.

வடிவமைப்பிலும் இதே கவனம் வேண்டும். ஓரிலக்கம் ஈரிலக்கமாகும்போது கட்டம் அகன்று பக்கத்துப் பெயரைத் தள்ளிவிடும். கட்டத்துக்கு ஈரிலக்க அகலத்தை முன்பே கொடுத்து, சிஎஸ்எஸ்ஸில் எல்லா இலக்கங்களும் ஒரே அகலத்தில் வரும் எண் வடிவத்தைக் கேளுங்கள்.

முடிந்த ஸ்கோரைக் காட்டும்போது 7-6(4) என்ற குறிப்பு போதும். அடைப்புக்குள் இருப்பது டைபிரேக்கில் தோற்றவரின் பாயின்ட். அது 5 அல்லது குறைவு என்றால் வென்றவர் எடுத்தது 7, அதற்கு மேல் என்றால் தோற்றவரைவிட இரண்டு கூட. 7-6(9) என்றால் 11-9. பழைய முடிவுகளைக் கையால் ஏற்றும் பக்கம் இருந்தால் செட்டைச் சரிபாருங்கள். வழக்கமான செட் 6-0 முதல் 6-4 வரை, 7-5, 7-6, இவை மட்டுமே. 6-5 என்று வந்தால் விலகல் குறி இருக்கிறதா என்று கேளுங்கள். 7-4 என்றால் யாரோ தவறாகத் தட்டியிருக்கிறார்கள்.

ஸ்கோர் போடும் திரை

வெயிலில், ஒரு கையில் போன், கண் கோர்ட்டின் மேல். அதற்கேற்ற திரையாக இருக்க வேண்டும். திரையை இரண்டாகப் பிரித்து இடப்பாதி ஒரு பட்டன், வலப்பாதி ஒரு பட்டன். ரத்து பட்டன் சின்னதாக, ஓரமாக, கட்டைவிரல் தானாகப் போய் விழாத இடத்தில். எழுத்துக்கும் பின்னணிக்கும் 7:1 மாறுபாடு வையுங்கள். வழக்கமாகச் சொல்லப்படும் 4.5:1 உள்ளறைக்குப் போதும், வெயிலுக்குப் போதாது. பள்ளி நிறத்தை மட்டும் நம்பாதீர்கள், பெயரையும் எழுதுங்கள். நிறம் பிரித்தறிய முடியாதவர்களுக்கும், வெளிச்சத்தில் வெளுத்துப்போன திரைக்கும் அதுதான் துணை.

ஆட்டக்காரர்கள் பக்கம் மாறும்போது பட்டன்களும் இடம் மாற வேண்டுமா? மாற வேண்டும் என்பதே சரி. ஸ்கோர் போடுபவர் கோர்ட்டைத்தான் பார்க்கிறார், இடப்பக்கம் நிற்பவர் ஜெயித்தால் கை தானாக இடப்பக்கம் போகும். மாறும்போது “பக்கம் மாறுங்கள்” என்ற வரி திரை முழுக்கத் தெரிந்து, ஒரு தட்டலுக்குப் பிறகு போகட்டும். இதுவும் வரிசையிலிருந்து கணக்கிடப்படுவதால் ரத்து செய்தால் பட்டன்களும் தாமாகப் பழைய இடத்துக்குத் திரும்பும்.

இரட்டைத் தட்டலைத் தடுக்க, ஒரு தட்டலுக்குப் பின் 400 மில்லிசெகண்ட் பட்டனை முடக்குங்கள். அதற்கு மேல் வேண்டாம். உண்மையான பாயின்ட் ஒன்று அதைவிட நேரமெடுக்கும்தான், ஆனால் கவனம் சிதறி மூன்று பாயின்ட்டை விட்டுவிட்டவர் மடமடவென்று தட்டித்தான் எட்டிப்பிடிப்பார். இரண்டு செகண்ட் முடக்கினால் அந்தத் தட்டல்களை விழுங்கிவிடுவீர்கள். பதிவானது தெரிய அதிர்வை நம்பாதீர்கள், ஐபோனின் சஃபாரியில் அதிர்வு வசதி கிடையாது. பாதித் திரை ஒரு கணம் நிறம் மாறினால் ஓரக்கண்ணுக்கே தெரியும். இரண்டு முறை தட்டினால் திரை பெரிதாகும் பழக்கத்தை நிறுத்த, பட்டனின் சிஎஸ்எஸ்ஸில் டச் ஆக்ஷன் பண்புக்கு மேனிப்புலேஷன் என்று கொடுங்கள்.

திரை அணையாமல் இருக்க வேக் லாக் கேட்கலாம். எச்டிடிபிஎஸ் இல்லாமல் அது கிடைக்காது. தவிர, யாராவது போன் செய்து டேப் பின்னால் போனதும் அனுமதி பறிபோய்விடும். டேப் மறுபடி முன்னால் வரும்போது மறுபடி கேட்க வேண்டும். இதை மறந்துவிட்டு “பத்து நிமிஷம் கழித்துத் திரை அணைகிறது” என்று தேடிக்கொண்டிருப்பார்கள்.

இணைப்பு போகும், போயே தீரும்

பள்ளி மைதானத்தின் கோடியில் சிக்னல் வந்து வந்து போகும். தட்டியதும் முதலில் போனின் லோக்கல் ஸ்டோரேஜில் எழுதுங்கள், திரையில் காட்டுங்கள், அதற்குப் பிறகு சர்வருக்கு அனுப்புங்கள். இந்த வரிசை மாறக் கூடாது. லோக்கல் ஸ்டோரேஜ் சரத்தை (எழுத்துத் தொடரை) மட்டுமே வாங்கும் என்பதால் ஜேசனாக (தரவை எழுத்தாக்கும் வடிவமாக) மாற்றி எழுதி, எடுக்கும்போது திரும்ப மாற்றுங்கள். ஆனால் அதைக் கிடங்காக நினைக்காதீர்கள். சில நாள் திறக்காத தளத்தின் தரவைச் சஃபாரி தானே துடைத்துவிடும்.

பிரௌசரின் ஆன்லைன் குறியை நம்பி எதையும் முடிவு செய்யாதீர்கள். வைஃபையில் இணைந்திருந்தாலே அது ஆம் என்று சொல்லும், அந்த வைஃபைக்கு வெளியுலகத் தொடர்பு இருக்கிறதா என்று பார்க்காது. அனுப்பிப் பாருங்கள். பதில் வரவில்லை என்றால் 2, 4, 8 செகண்ட் என்று இடைவெளியைக் கூட்டிக்கொண்டே, 30 செகண்ட் உச்சமாக வைத்து, மறுபடி அனுப்புங்கள்.

மறுபடி அனுப்புவதில்தான் பெரிய பள்ளம் இருக்கிறது. பாயின்ட் சர்வருக்குப் போய்ச் சேர்ந்து, பதில் மட்டும் வழியில் தொலைந்திருந்தால், இரண்டாவது முறை அனுப்புவது இரண்டாவது பாயின்ட் ஆகிவிடும். 30-15 திடீரென்று 40-15 ஆகும், யாரும் எதையும் தட்டியிருக்க மாட்டார்கள். இதற்கு ஒவ்வொரு பதிவுக்கும் போனே ஒரு வரிசை எண் போடட்டும்: 1, 2, 3 என்று. சர்வரின் டேட்டாபேஸில் மேட்ச் எண்ணும் வரிசை எண்ணும் சேர்ந்து தனித்துவமாக இருக்க வேண்டும் என்று கட்டுப்பாடு போடுங்கள். 17ஆவது பதிவு இரண்டாவது தடவை வந்தால், உள்ளடக்கம் ஒன்றாகவே இருந்தால், சர்வர் “சரி, வாங்கிக்கொண்டேன்” என்று சொல்லிவிட்டுச் சும்மா இருக்க வேண்டும். பிழை என்று சொன்னால் போன் விடாமல் அனுப்பிக்கொண்டே இருக்கும். அதே 17, ஆனால் உள்ளே க இருந்த இடத்தில் ம என்றால், இரண்டு போன்கள் ஒரே மேட்ச்சுக்கு ஸ்கோர் போடுகின்றன. அப்போது இரண்டாவது போனை நிறுத்தி, “இந்த மேட்ச்சை வேறொருவர் பதிகிறார், நீங்கள் எடுத்துக்கொள்கிறீர்களா?” என்று கேளுங்கள்.

பார்ப்பவர்களின் பக்கம்

பெற்றோரும் வகுப்புத் தோழர்களும் பார்க்கும் பக்கத்துக்கு வெப்சாக்கெட் (சர்வரோடு எப்போதும் திறந்திருக்கும் இணைப்பு) வேண்டாம். 10 செகண்டுக்கு ஒருமுறை ஒரு சின்ன ஜேசன் கோப்பைக் கேட்டால் போதும். 200 பேர் பார்த்தாலும் செகண்டுக்கு 20 கோரிக்கைதான். அந்தக் கோப்புக்கு 5 செகண்ட் கேஷ் கொடுத்துவிட்டால் நடுவில் நகலை வைத்துத் தரும் சிடிஎன்னே பெரும்பாலானவற்றைத் தாங்கிக்கொள்ளும். பதிலுக்குக் காத்திராமல் குறித்த இடைவெளியில் ஓடும் செட் இன்டர்வல் வைத்துக் கேட்காதீர்கள். இணைப்பு மந்தமாக இருந்தால் முதல் பதில் வருவதற்குள் அடுத்த கேள்வி கிளம்பி, பழைய பதில் பின்னால் வந்து ஸ்கோரைப் பின்னோக்கி இழுக்கும். பதில் வந்த பிறகு செட் டைம்அவுட் போட்டு அடுத்ததைக் கேளுங்கள். டேப் மறைந்திருக்கும்போது கேட்பதை நிறுத்திவிடுங்கள்.

“கடைசியாகப் புதுப்பித்தது 12 செகண்ட் முன்பு” என்ற வரி கட்டாயம் இருக்கட்டும். அது இல்லாவிட்டால் உறைந்துபோன ஸ்கோருக்கும் நீண்ட டியூஸுக்கும் வித்தியாசம் தெரியாது.

ஒரே நாள் சந்திப்பில் யார் யாரோடு

பள்ளிக்கு நான்கு பேர், எல்லோரும் எதிர்ப்பள்ளியின் எல்லோரோடும் ஆட வேண்டும் என்றால் 16 மேட்ச், நான்கு சுற்று. சுற்றை 0 முதலும், ஆட்டக்காரர்களை 0 முதல் 3 வரையும் எண்ணுங்கள். கிழக்கின் ஆட்டக்காரர் எண்ணோடு சுற்று எண்ணைக் கூட்டி நான்கால் வகுத்த மீதி, அந்தச் சுற்றில் அவருக்கு மேற்கில் எதிராளி. ஒரு சுற்றில் யாருக்கும் இரண்டு மேட்ச் வராது, எந்த ஜோடியும் இரண்டு தடவை வராது. ஒரு பள்ளியில் மூவர்தான் வந்திருக்கிறார்கள் என்றால் நான்காவது இடத்துக்கு “ஓய்வு” என்று ஒரு போலி ஆளைச் சேருங்கள். சூத்திரத்தைத் தொட வேண்டாம்.

16 இரட்டைப்படை, 8-8 என்று முடியலாம். நட்பாட்டம்தானே என்று விட்டுவிட்டால் அன்று மாலை நட்பு கொஞ்சம் ஆட்டம் காணும். முன்பே எழுதிவையுங்கள்: முதலில் மேட்ச், சமமானால் செட், அதுவும் சமமானால் வென்ற கேம்களின் சதவீதம். 10 பாயின்ட் மேட்ச் டைபிரேக்கை ஒரு செட், 1-0 கேம் என்று பதிவது வழக்கம். அதன் பாயின்ட்டுகளைக் கேமாகக் கூட்டிவிட்டால் சதவீதம் கெட்டுவிடும். வாக்ஓவரை வெற்றியாக எண்ணுங்கள், சதவீதத்தில் சேர்க்காதீர்கள். வராதவரால் யாருக்கும் 12-0 லாபம் கிடைக்கக் கூடாது. சதவீதத்தை இரண்டு தசமத்துக்கு வட்டமாக்கிக் காட்டலாம், வரிசைப்படுத்துவது மட்டும் வட்டமாக்காத எண்ணை வைத்து.

வரிசைப்படுத்தும்போது ஜாவாஸ்கிரிப்ட் ஒரு காலை வாரும். ஒப்பிடும் ஃபங்ஷன் கொடுக்காமல் சார்ட் செய்தால் எண்களைச் சரமாகப் பார்த்து 10ஐ 9க்கு முன்னால் வைக்கும். முதல் ஒன்பது வெற்றி வரை பட்டியல் சரியாக இருப்பதால் பருவத்தின் நடுவில்தான் இது வெளியே வரும். படிவத்திலிருந்து வரும் எண்ணும் சரம்தான். மாற்றாமல் கூட்டினால் 1ம் 1ம் சேர்ந்து 11.

பெயரும் தேதியும் விரிதாளும்

தமிழ்ப் பெயர்களில் கண்ணுக்குத் தெரியாத ஒரு சிக்கல் உண்டு. கொ என்பதன் உயிர்க்குறி ஒரே குறியீடாகவும் வரலாம், முன்னால் ஒரு கொம்பு, பின்னால் ஒரு கால் என இரண்டு குறியீடாகவும் வரலாம். கீபோர்டைப் பொறுத்தது. திரையில் ஒன்றுபோலவே இருக்கும், ஒப்பிட்டால் வேறு வேறு. ஒரே பிள்ளை பட்டியலில் இரண்டு பேராக நிற்பார். பெயரை வாங்கும் இடத்திலேயே நார்மலைஸ் ஃபங்ஷனில் என்எஃப்சி (ஒரே குறியீடாகச் சேர்க்கும்) வடிவத்துக்கு மாற்றி, முன்பின் இடைவெளியையும் வெட்டிச் சேமியுங்கள். முதலெழுத்து எடுக்க சரத்தின் முதல் குறியீட்டை எடுக்காதீர்கள். கீர்த்தனா வெறும் க ஆகிவிடுவார். ஜாவாஸ்கிரிப்ட்டின் இன்டில் செக்மென்டரைக் கேட்டால் கீ என்று முழுதாகத் தரும்.

விரிதாளில் முடிவுகளை வைத்திருக்கும் பள்ளிகள் நிறைய. அங்கே 6-4 என்று தட்டினால் எக்செல் அதைத் தேதியாக்கிவிடும். பிறகு வடிவத்தை எழுத்து என்று மாற்றினாலும் ஸ்கோர் திரும்பாது, நாற்பதாயிரத்துக்கு மேல் ஓர் எண்தான் நிற்கும். தட்டும் முன்பே பத்தியை எழுத்து வடிவத்துக்கு மாற்றுங்கள். அதைவிட நல்லது, ஒவ்வொருவரின் கேமுக்கும் தனித்தனிப் பத்தி. தளத்திலிருந்து சிஎஸ்வி இறக்கித் தந்தால் தொடக்கத்தில் எழுத்துமுறையைச் சொல்லும் யூடிஎஃப்-8 பாம் குறியைச் சேருங்கள், இல்லாவிட்டால் எக்செல்லில் தமிழ் குப்பையாகத் தெரியலாம்.

தேதியில் இரண்டு பொறிகள். ஜாவாஸ்கிரிப்ட்டில் மாதம் 0 முதல் தொடங்கும், 3 என்று கொடுத்தால் ஏப்ரல். நேரம் இல்லாமல் 2025-03-05 என்று மட்டும் கொடுத்தால் அதை யூடிசி (உலகப் பொது நேர) நள்ளிரவாக எடுத்துக்கொள்ளும். யூடிசிக்குப் பின்தங்கிய நேர மண்டலத்தில் பக்கத்தைத் திறப்பவருக்கு ஆட்டம் 4ஆம் தேதி என்று காட்டும்.

பிள்ளைகளின் விவரம்

ஆடுபவர்கள் சிறுவர்கள். பொதுப் பக்கத்தில் பெயரும் முதலெழுத்தும் போதும். பிறந்த தேதி, வகுப்பு, போன் எண், படம் எதுவும் வேண்டாம். “பக்கத்தில் மறைத்துவிட்டேனே” என்பது மறைத்தது ஆகாது. ஜேசனில் வந்துவிட்டால் யார் வேண்டுமானாலும் திறந்து படிக்கலாம். அனுப்பாமல் இருப்பதுதான் மறைப்பது.

பெயர்களைத் திரையில் வைக்க, எதையும் வெறும் எழுத்தாகவே காட்டும் டெக்ஸ்ட் கன்டென்ட்டை மட்டும் பயன்படுத்துங்கள். இன்னர் எச்டிஎம்எல்லில் வைத்தால், எதிர்ப்பள்ளியில் நிரல் கற்றுக்கொண்டிருக்கும் குறும்புக்காரர் ஒருவர் தன் பெயர்ப் பெட்டியில் ஸ்கிரிப்ட்டை எழுதி உங்கள் பக்கத்தை ஆடவைப்பார். நட்புப் போட்டியில் இது நடக்காது என்று நினைக்க வேண்டாம், நட்புப் போட்டியில்தான் நடக்கும். ஸ்கோர் போட மேட்ச்சுக்கு ஒரு பின் எண் கொடுங்கள், சரிபார்ப்பது சர்வரில் இருக்கட்டும். நான்கிலக்கம் என்றால் மொத்தம் 10,000 சாத்தியம்தான், ஒரு ஸ்கிரிப்ட் நொடியில் முடித்துவிடும். ஐந்து தவறுக்குப் பிறகு சில நிமிஷம் பூட்டுங்கள்.

முன்னணிப் பக்கத்தில் பள்ளிகளின் மொத்தக் கணக்கைப் பெரிதாகக் காட்டுங்கள். தனிப் பிள்ளைகளின் தோல்விப் பட்டியலோ, கடைசி இடமோ அங்கே வேண்டாம். போட்டி பள்ளிகளுக்குள் இருக்கும்வரைதான் விளையாட்டு.

சந்திப்புக்கு முன்னால்

முதலில் வரிசைகளை ஓட்டிப் பாருங்கள். க 24 தடவை கொடுத்தால் 6-0 என்று ஒரு செட் முடிய வேண்டும். 48 கொடுத்தால் 6-0, 6-0, மேட்ச் முடிந்தது. 49ஆவதை நிரல் மறுக்க வேண்டும். 48க்குப் பின் ஒரு ர வந்தால் மேட்ச் மறுபடி திறந்து 40-0 காட்ட வேண்டும். இந்த ஒரு சோதனையில் தோற்கும் நிரல்கள் ஏராளம். பிறகு 6-3ல் முடியும் செட்டைக் கொடுத்துப் பக்கம் மாறுவதையும், 12-10 போகும் டைபிரேக்கில் சர்வையும் பாருங்கள்.

அப்புறம் போனை எடுத்துக்கொண்டு மைதானத்தின் கோடிக்கே போங்கள். ஐந்து பாயின்ட் தட்டுங்கள், ஏரோப்ளேன் மோடுக்குப் போய் மேலும் நாற்பது, டேப்பை மூடி, ஏரோப்ளேன் மோடை எடுத்துவிட்டுத் திறந்து மூன்று. பிறகு பார்வையாளர் பக்கத்தைப் பாருங்கள். சர்வரிடம் 48 பதிவு இருக்க வேண்டும். 47 என்றால் போனில் எழுதும் முன்பே அனுப்பப் பார்த்திருக்கிறீர்கள். 49 என்றால் வரிசை எண்ணின் கட்டுப்பாடு டேட்டாபேஸில் இல்லை.